முள்ளந்தண்டுப் பிளவுடன் வளரும் பிள்ளைகள்

சில குழந்தைகள் நடு முதுகிலோ இடுப்புக்குச் சற்று மேலேயோ மெல்லிய தோல் மூடிய ஒரு பையுடன் பிறக்கின்றன. சிலவேளைகளில் அந்தப் பை உடைந்து புண்ணாகவும் இருக்கும். வைத்தியர்கள் இதனை ஸ்பைனா பிபிடா என்பர். இலத்தீன் மொழியில் ‘இரண்டாகப் பிளந்த முள்’ என்பது இதன் பொருள். நாம் முள்ளந்தண்டுப் பிளவு என்று சொல்லலாம்.

ஊரிலே இதற்குப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. தாய் கிரகணத்தில் வெளியே போனாள் என்பார்கள். யாரோ செய்வினை வைத்தார்கள் என்பார்கள். முற்பிறப்பில் செய்த வினை என்பார்கள். கிறிஸ்தவக் குடும்பங்களிலும் ‘என்ன பாவம் செய்தார்களோ’ என்ற பேச்சு இல்லாமல் இல்லை. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் காட்டிச் சீடர்களும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். அவர் செய்த பாவமும் இல்லை, பெற்றவர்கள் செய்த பாவமும் இல்லை என்று இயேசு மறுத்ததை யோவான் நற்செய்தி 9 ஆம் அதிகாரத்தில் காணலாம். இவ்வளவு தெளிவாகச் சொல்லப்பட்ட பின்னரும் அந்தக் கேள்வி எமது முற்றங்களில் ஓயவில்லை. அதைச் சுமப்பவள் பெரும்பாலும் தாய்தான்.

நடப்பது இதுதான். கருத்தரித்து 28 நாட்களுக்குள் கருவின் முதுகுப்புறத்தில் ஒரு தட்டு இரு ஓரமும் மடிந்து குழாயாக மூடிக்கொள்ள வேண்டும். அந்தக் குழாய்தான் பின்னர் மூளையாகவும், முதுகெலும்புக்குள் ஓடும் முண்ணாணாகவும் வளரும். ஓரிடத்தில் அது மூடாமல் விட்டால் அவ்விடத்தில் எலும்பும் மூடாது. முண்ணாண் வெளியே பிதுங்கும். அந்த 28 நாட்களுக்குள் பல பெண்களுக்குத் தாம் கர்ப்பம் என்பதே தெரிந்திருக்காது.

எல்லாப் பிளவும் ஒன்றல்ல. எலும்பில் மாத்திரம் சிறு பிளவு இருந்து, தோல் மூடியிருப்போர் பலர் உள்ளனர். அநேகருக்கு அதனால் எந்தத் தொல்லையும் இல்லை. முண்ணாணும் நரம்புகளும் பைக்குள் வந்துவிட்ட வகையே பாரதூரமானது. இக்கட்டுரை அந்தப் பிள்ளைகளைப் பற்றியது. பிளவு எவ்வளவு மேலே உள்ளதோ அவ்வளவுக்குக் கால்களின் பலவீனம் கூடும். பிளவுக்குக் கீழே தொடு உணர்ச்சி குறையும் அல்லது இல்லாமற் போகும். சலமும் மலமும் கட்டுப்பாட்டில் இராது. பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தலைக்குள் நீர் சேரும்.

இப்படியான குழந்தை பிறந்தால் பையைச் சுத்தமான ஈரத் துணியால் மூடி, குழந்தையைக் குப்புறவோ பக்கவாட்டிலோ படுக்கவைத்து உடனே பெரிய வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். முதல் இரண்டு மூன்று நாட்களுக்குள் சத்திர சிகிச்சை செய்து முதுகை மூடுவது நல்லது. மூடுவதால் இழந்த நரம்பு திரும்பாது. கிருமி மூளைக்குப் போவது தடுக்கப்படும். அதன் பின்னர் வரும் வருடங்களில்தான் குடும்பத்தின் வேலை தொடங்குகிறது.

நல்ல வாழ்வு என்பதை யார் சொல்வது?

இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரில் ஜோன் லோர்பர் என்ற குழந்தை வைத்தியர் இருந்தார். முதலில் எல்லாக் குழந்தைகளுக்கும் சிகிச்சை செய்தவர்களுள் ஒருவர். 1971 இல் அவர் தமது கருத்தை மாற்றிக்கொண்டார். கால்கள் முற்றாக வழங்காதவை, பிறக்கும்போதே தலை மிகவும் பெருத்தவை, முதுகு வளைந்தவை முதலிய குழந்தைகள் பிழைத்தாலும் நல்ல வாழ்வு வாழமாட்டா. ஆகவே அவற்றுக்குச் சத்திர சிகிச்சை செய்யாமல் விடலாம் என்று எழுதினார். பல நாடுகளில் வைத்தியர்கள் அதனைப் பின்பற்றினர். எத்தனையோ குழந்தைகள் அப்படி விடப்பட்டன.

அந்தக் கணக்கில் ஒரு குறை இருந்தது. வாழ்வு நல்லதா இல்லையா என்பதை வாழ்பவரிடம் எவரும் கேட்கவில்லை. பின்னாளில் கேட்டபோது பதில் வேறாக வந்தது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 5 முதல் 20 வயது வரையான பிள்ளைகளையும் இளைஞரையும் பற்றி ஓர் ஆய்வு நடந்தது. அது 2000 ஆம் ஆண்டு வெளியாகியது. சிறியவர்களுக்காகப் பெற்றோரும், 13 வயதுக்கு மேற்பட்டவர்கள் தாமாகவும் கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள். கால்கள் எவ்வளவு வழங்காதவை என்பதற்கும் பிள்ளையின் வாழ்க்கைத் தரத்துக்கும் இருந்த தொடர்பைவிட, பெற்றோரின் மனதில் இருந்த நம்பிக்கைக்கும் அதற்கும் இருந்த தொடர்பு வலுவாக இருந்தது. இதை வைத்து ‘நம்பினால் போதும்’ என்று பிரசங்கம் செய்வது தவறு. பிள்ளை நன்றாக இருப்பதனால் பெற்றோருக்கு நம்பிக்கை வந்திருக்கவும் கூடும். ஆனால் நடக்காத கால்களே வாழ்வைத் தீர்மானிக்கின்றன என்ற எண்ணம் பிழை என்பது இதிலிருந்து தெளிவாகிறது.

இன்னொன்றும் பல ஆய்வுகளில் காணப்பட்டது. பிள்ளைகள் தங்கள் வாழ்வுக்குப் போடும் புள்ளி, பெற்றோர் போடும் புள்ளியைவிடப் பெரும்பாலும் கூடுதலாக இருக்கிறது. வலி விடயத்தில் மாத்திரம் மறுபக்கம்: பிள்ளைக்கு இருக்கும் தலையிடியும் முதுகுவலியும் பெற்றோர் நினைப்பதைவிட அதிகம். நாம் எண்ணும் துயரம் பிள்ளையிடம் இல்லை, பிள்ளையிடம் உள்ள நோவு எமக்குத் தெரிவதில்லை. ஆகையால் பிள்ளையிடமே கேளுங்கள். ‘இண்டைக்கு எங்கை நோகுது?’ என்று தினமும் ஒருமுறை கேட்பதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

சலம்: முதற் கவலை

வளர்ந்த பிள்ளைகளிடம் எது உங்களை அதிகம் கஷ்டப்படுத்துகிறது என்று கேட்டால், நடக்க முடியாதது என்று பலர் சொல்வதில்லை. சட்டை நனைவது, மணப்பது, மற்றப் பிள்ளைகள் தள்ளி இருப்பது என்பார்கள். உயிருக்கு ஆபத்தும் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. இங்கிலாந்தில் 1963 முதல் 1971 வரை பிறந்து, பாகுபாடின்றிச் சிகிச்சை பெற்ற 117 பிள்ளைகளை நாற்பது வருடங்களுக்கு மேலாகத் தொடர்ந்து கவனித்தார்கள். இறந்தவர்களின் மரணத்துக்கான காரணங்களுள் சிறுநீரகம் பழுதடைந்ததும் தலையில் நீர் சேர்ந்ததும் முக்கிய இடம் பெற்றன. அதேவேளை, நாற்பது வயதைத் தாண்டித் தனியாக வாழ்ந்து, வேலை செய்து, வாகனம் ஓட்டுபவர்களும் அவர்களுள் இருந்தார்கள்.

சலப்பைக்குப் போகும் நரம்பு பழுதடைந்தால் பை முழுதாக வெறுமையாவதில்லை. தேங்கிய சலத்தில் கிருமி வளரும். பை இறுகி அழுத்தம் கூடினால் சலம் மேல்நோக்கித் திரும்பிச் சிறுநீரகத்தைப் பழுதாக்கும். வாய்க்காலின் கதவு அடைபட்டால் தண்ணீர் திரும்பி மேல் வயலின் வரம்பை உடைப்பதைக் கமக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. இங்கே உடைவது சிறுநீரகம். பிள்ளைக்கு நோவு தெரியாது. பல வருடங்கள் வெளியில் எந்த அறிகுறியும் இராது. சட்டை நனைகிறது, ஆகவே சலம் போகிறது என்று நினைத்திருப்போம். நிரம்பிய வாளியிலிருந்து வழிவதுபோல் வழிகிறது. வாளி நிரம்பியே இருக்கிறது.

இதற்கு வழி ஒரு மெல்லிய குழாய். அதனைக் கதீற்றர் என்பர். பகலில் மூன்று நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை சலவாசல் வழியாக உட்செலுத்திச் சலத்தை வெளியேற்றிவிட்டுக் குழாயை எடுத்துவிட வேண்டும். முன்னர் இதனைக் கிருமி நீக்கிய கையுறையுடன் வைத்தியசாலையில் மாத்திரமே செய்யலாம் என்று எண்ணியிருந்தார்கள். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜாக் லாப்பிடெஸ் என்ற சத்திர சிகிச்சை நிபுணர், சுத்தமாகக் கழுவிய கையும் சுத்தமான குழாயும் போதும் என்று 1972 இல் காட்டினார். சலப்பை அளவுக்கு மீறி விரிவதே கிருமிக்கு இடம் கொடுக்கிறது; நேரம் தவறாமல் வெறுமையாக்குவதுதான் முக்கியம் என்பது அவர் கண்டது. இந்த ஒரு முறையினால் உலகெங்கும் காப்பாற்றப்பட்ட சிறுநீரகங்களுக்குக் கணக்கில்லை. பெரிய இயந்திரம் எதுவும் தேவைப்படாத வைத்தியம் என்பதால் கொட்டிலில் இருக்கும் குடும்பத்துக்கும் இது எட்டும்.

குழாயின் அளவையும் செய்யும் முறையையும் வைத்தியசாலையில் தாதியிடம் நேரில் பழக வேண்டும். வாசித்துவிட்டுத் தொடங்க வேண்டாம். பழகிய பின் வீட்டில் கவனிக்க வேண்டியவை இவை. சவர்க்காரமிட்டுக் கையைக் கழுவுதல்; பிள்ளையின் உறுப்பை முன்னிருந்து பின்னாகக் கழுவுதல்; சலம் நின்ற பின் குழாயை மெதுவாக, இடையில் நிறுத்தி நிறுத்தி எடுத்தல்; அடியில் தங்கியது அப்போதுதான் வரும். குழாயை ஒருமுறை பாவித்து எறிவதே உற்பத்தியாளர் சொல்வது. வசதியில்லாத நாடுகளில் கழுவிப் பாவிக்கிறார்கள். உங்கள் கிளினிக்கில் அப்படிச் சொல்லியிருந்தால், பாவித்த உடனே உள்ளும் புறமும் கழுவி, நீர் வடியவிட்டு நன்கு உலர்த்தி, மூடியுள்ள சுத்தமான பெட்டியில் வையுங்கள். ஈரமாகப் பொலித்தீன் பையில் சுற்றி வைப்பதுதான் கெடுதல்.

முகாமில் மலசலகூடத்துக்கு வரிசையில் நிற்க வேண்டும், தண்ணீர் தூரம், கதவு இல்லை. ஆனால் இதற்கு மலசலகூடம் தேவையில்லை. கொட்டிலின் ஒரு மூலையில் சேலையால் மறைப்புக் கட்டி, பாயிலோ கதிரையிலோ இருத்தி, குழாயின் மறுமுனையை ஒரு போத்தலுக்குள் விட்டுச் செய்யலாம். கைகழுவ ஒரு செம்பு தண்ணீரும் சவர்க்காரமும் அந்த மூலையிலேயே இருக்கட்டும். பிள்ளைக்கு ஆறு தொடக்கம் எட்டு வயதாகும்போது தானே செய்யப் பழக்கலாம். பெண்பிள்ளைக்குத் தொடக்கத்தில் ஒரு முகக்கண்ணாடி உதவும். தன் கையால் செய்யப் பழகிய நாளிலிருந்து தாய் பாடசாலை வாசலில் காத்திருக்க வேண்டியதில்லை.

மூன்று காரியங்கள் வேண்டாம். நனையாமல் இருக்கட்டும் என்று தண்ணீரைக் குறைக்க வேண்டாம்; எமது வெயிலில் அது கிருமிக்கும் மலச்சிக்கலுக்கும் வழி. அடிவயிற்றை அமுக்கிச் சலத்தை வெளியேற்ற வேண்டாம். வாசல் இறுகியிருந்தால் அமுக்கும் சலம் மேலேதான் போகும். சலம் சற்றுக் கலங்கியது என்று கடையில் அன்ரிபயோற்றிக் வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம். காய்ச்சல், வாந்தி, சலத்தில் இரத்தம், இடுப்பு நோவு ஏதாவது இருந்தால் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். காய்ச்சல் இல்லாவிட்டாலும் வருடம் ஒருமுறையாவது சிறுநீரகத்தை ஸ்கான் செய்வித்துக்கொள்ள வேண்டும்.

மலம்

மலத்துக்கு மருந்தைவிட நேர ஒழுங்கு முக்கியம். சாப்பிட்டு முடிந்ததும் குடல் தானாக அசையத் தொடங்கும். ஆகவே தினமும் ஒரே வேளையில், காலைச் சாப்பாடு முடிந்த பின்னர், பதினைந்து இருபது நிமிடம் பிள்ளையை இருத்திப் பழக்குங்கள். குந்தியிருக்க இயலாத பிள்ளைக்கு மரக் கதிரையின் நடுவே வட்டமாக வெட்டி, விளிம்பில் துணி மொத்தமாகச் சுற்றி, கீழே வாளி வைக்கலாம். பாதம் தொங்காமல் ஒரு கட்டையில் ஊன்ற வேண்டும். தவிட்டோடு கூடிய சிவப்பரிசி, கீரை, பப்பாசிப்பழம், பயறு எல்லாம் நல்லவை. நிவாரண மாவையே மூன்று வேளையும் உண்ணும் காலத்தில் இது இலகுவல்ல. கொட்டிலுக்குப் பின்னால் கை கழுவும் தண்ணீர் ஓடும் இடத்தில் நாலு கீரைச் செடியும் ஒரு பப்பாசியும் நட்டால் அது இந்தப் பிள்ளைக்கு மருந்து. இவை போதாவிட்டால் கிளினிக்கில் மருந்தும் குடல் கழுவும் முறையும் சொல்லித் தருவார்கள்.

உணராத தோல்

அடுப்புக்கருகே தவழ்ந்த பிள்ளை காலைச் சுட்டுக்கொண்டு அழாமல் இருந்தால் அது பொறுமை அல்ல. காலுக்குச் சூடு தெரியவில்லை. நண்பகல் மணல், தகரம், மோட்டார் சைக்கிளின் புகைக்குழாய், மடியில் வைத்த தேநீர்க் கோப்பை எல்லாம் ஆபத்து. குளிக்கும் நீரைத் தாய் தன் முழங்கையால் பார்த்த பின்னரே ஊற்ற வேண்டும். தவழும் பிள்ளைக்குத் தடித்த துணியில் நீளக் காற்சட்டை தைத்துப் போடுங்கள். சப்பாத்துக்குள் சிறு கல் கிடக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் கைவிட்டுப் பாருங்கள்.

நாள் முழுவதும் ஒரே இடத்தில் இருந்தால் இருப்பிடத் தோல் புண்ணாகும். கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை கைகளை ஊன்றி உடலை உயர்த்தப் பழக்க வேண்டும். இரவில் விளக்கு வெளிச்சத்தில் பிட்டம், குதிக்கால், பாதம் ஆகியவற்றைப் பாருங்கள். ஒரு சிவப்புத் தடம் அரை மணி நேரத்தில் மறையாவிட்டால் அதன்மேல் பாரம் வைக்கக் கூடாது. நடுவில் ஓட்டையுள்ள வளைய மெத்தை நல்லது என்று சிலர் வாங்குகிறார்கள். அது சுற்றியுள்ள தோலின் இரத்த ஓட்டத்தைத் தடுத்துப் புண்ணைக் கூட்டும்.

இறப்பர் விளையும் நாட்டில் இருக்கும் எமக்கு இது வினோதமாகத் தோன்றலாம்: இந்தப் பிள்ளைகளில் பலருக்கு இறப்பர்ப் பால் ஒவ்வாது. சிறு வயதிலிருந்து பலமுறை சத்திர சிகிச்சையிலும் குழாயிலும் இறப்பர் பட்டுப் பட்டு இது உண்டாகிறது. பலூன் ஊதினால் உதடு வீங்கும். மூச்சுத் திணறலும் வரலாம். எந்த வைத்தியசாலைக்குப் போனாலும், பல் பிடுங்கப் போனாலும், கையுறை போடுமுன் இதைச் சொல்லுங்கள்.

தலைக்குள் நீர்

மூளையைச் சுற்றி ஓடும் நீர் வடியாமல் தேங்கினால் தலை பெருக்கும். தலையிலிருந்து வயிற்றுக்குத் தோலின் கீழாக ஒரு குழாய் வைத்து அதனை வடியச் செய்வார்கள். இக்குழாய்க்கு ஷண்ட் என்று பெயர். அதிலுள்ள அடைப்பான்களில் பெயர் பெற்ற ஒன்றைச் செய்தவர் வைத்தியர் அல்லர். ஜோன் ஹோல்ரர் என்ற அமெரிக்கத் தொழிற்சாலைத் தொழிலாளி, முள்ளந்தண்டுப் பிளவுடன் பிறந்த தன் மகனுக்காக 1956 இல் தன் பட்டறையில் அதனைச் செய்தார். விலை குறைந்த ஷண்ட் தரம் குறைந்தது என்று பயப்படும் பெற்றோருக்கு இன்னொரு செய்தி: இந்தியாவில் செய்யப்படும் சாப்ரா ஷண்டையும் பல மடங்கு விலை கூடிய அமெரிக்க ஷண்டையும் உகண்டாவில் 195 பிள்ளைகளில் ஒப்பிட்டார்கள். 2005 இல் வெளியான முடிவின்படி ஒரு வருடத்தின் பின் பெரிய வேறுபாடு காணப்படவில்லை.

எந்த ஷண்டும் அடைபடலாம். கைக்குழந்தையில் உச்சிக்குழி புடைத்தல், கண்மணி கீழ்நோக்கிச் செருகுதல். பெரிய பிள்ளையில் தலையிடி, வாந்தி, வழமைக்கு மாறான தூக்கம், வலிப்பு, பார்வை மங்கல், திடீரெனப் படிப்பில் பின்தங்குதல். இவற்றைக் கண்டால் மறுநாள் பஸ் வரட்டும் என்று பார்க்கக் கூடாது. சாதாரண வாந்திதான் என்று வெளிநோயாளர் பிரிவில் அனுப்பப் பார்த்தாலும், ‘என் பிள்ளைக்கு ஷண்ட் இருக்கிறது’ என்று சொல்லி நில்லுங்கள்.

பாடசாலை

இலங்கையில் 5 வயது முதல் 16 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் கல்வி கட்டாயமானது. 14 என்றிருந்த மேல் வயதெல்லை 2016 இல் 16 ஆக உயர்த்தப்பட்டது. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், வலுவிழந்தவர் என்ற காரணத்துக்காக ஒருவரைப் பாடசாலையில் சேர்க்க மறுப்பதைத் தடை செய்கிறது. இடம்பெயர்ந்து வந்தவர் என்பதும் காரணமாகாது. ஆனால் அதிபருக்கு முன்னால் சட்டத்தை நீட்டுவதற்கு முன்னர், என்ன தேவை என்று சொல்லுங்கள். மணி கேட்டதும் குழாய் பாவிக்க ஒரு மறைவான இடம், தரைத்தளத்தில் ஒரு வகுப்பறை, வாசலில் ஒரு சாய்தளம். படி ஒரு அடி உயரமானால் சாய்தளம் பன்னிரண்டு அடி நீளமாக இருக்க வேண்டும்; அதைவிடக் குறைந்தால் கதிரை ஏறாது. பெற்றோர் சங்கம் ஒரு சிரமதான நாளில் செய்து முடிக்கக்கூடிய வேலை இது.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. தலையில் நீர் சேர்ந்த பிள்ளைகளுள் பலர் நன்றாகக் கதைப்பார்கள். கதையைக் கேட்டுக் கெட்டிக்காரர் என்று எண்ணுவோம். கணக்கிலும், ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும் வேலையிலும், கவனத்தை நிறுத்துவதிலும் அதே பிள்ளை தடுமாறும். அது சோம்பலோ பிடிவாதமோ அல்ல. ஒரு நேரத்தில் ஒரு வேலையை மாத்திரம் சொல்லுங்கள். சொன்னதை எழுதியும் கொடுங்கள்.

வளர்ந்த பின்னர்

பத்து வயது வரை ஊன்றுகோலோடும் காற்பட்டிகளோடும் நடந்த பிள்ளை, பதினான்கில் சக்கர நாற்காலியைக் கேட்கலாம். உடல் பாரம் கூடும்போது நடப்பதற்குச் செலவாகும் பலமும் கூடும். இத்தனை வருடம் நடத்திப் பழக்கினோமே என்று பெற்றோர் மனம் உடைகிறார்கள். நடந்து களைத்து வீட்டில் கிடப்பதைவிட, சக்கரத்தில் உருண்டு சந்தைக்கும் கோயிலுக்கும் போய்வருவது அந்தப் பிள்ளைக்குப் பெரிய காரியம்.

தலையில் நீர் சேர்ந்த பெண்பிள்ளைகள் மற்றவர்களைவிடக் குறைந்த வயதிலேயே பூப்படைவது உண்டு. ஒன்பது வயதுக்கு முன்னரே தாய் இதைப்பற்றிச் சொல்லி வைக்க வேண்டும். உடம்பைப் பிறர் தொட்டுக் கழுவுவது பழகிப்போன பிள்ளைகள் இவர்கள். ஆகவே யார் தொடலாம், எதற்காகத் தொடலாம், வேறு எவர் தொட்டாலும் யாரிடம் சொல்ல வேண்டும் என்பவற்றை மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்வதைவிடக் கூடுதலாக இவர்களுக்குச் சொல்ல வேண்டும். பல குடும்பங்கள் நெருக்கமாக வாழும் முகாமில் இது வெட்கப்பட்டு விடும் விடயம் அல்ல.

திருமணம், பிள்ளைப்பேறு என்பவை இவர்களுக்கு இல்லை என்று வீட்டார் முடிவு கட்டுவதும் தவறு. முள்ளந்தண்டுப் பிளவுள்ள பெண்கள் பலர் தாய்மாராகியிருக்கிறார்கள். வைத்தியரின் கவனிப்பு வேண்டும், அவ்வளவே. தொழில் விடயத்திலும் அப்படித்தான். நாற்றுப் பைகளில் மண் நிரப்புதல், கோழி வளர்த்தல், தையல், கைபேசி திருத்துதல், சங்கக் கணக்கு எழுதுதல் என்று இருந்து செய்யும் வேலைகள் பல உள்ளன. எது வேண்டும் என்று பிள்ளையே சொல்லட்டும். வீட்டுக்குள் இருக்கும் பிள்ளைக்குக் கடகம் பின்னுவதுதான் தொழில் என்று நாம் ஏன் எப்போதும் நினைக்கிறோமோ தெரியவில்லை.

பதினைந்து வயதளவில் மருந்தின் பெயர், குழாயின் அளவு, ஷண்ட் வைத்த வருடம், கிளினிக் திகதி எல்லாவற்றையும் பிள்ளை தானே சொல்லப் பழக வேண்டும். சிறுவர் கிளினிக்கிலிருந்து பெரியவர்களின் கிளினிக்குக்கு மாறும்போதுதான் பலர் இடையில் விடுபட்டுப் போகிறார்கள்.

அடுத்த பிள்ளைக்கு

ஏழு நாடுகளில் 33 வைத்திய நிலையங்களில் நடந்த ஆய்வு ஒன்று 1991 இல் வெளியாகியது. இப்படியான பிள்ளையை முன்னர் பெற்ற தாய்மார் கருத்தரிக்குமுன்பே போலிக் அமில மாத்திரை எடுத்தபோது, அடுத்த பிள்ளைக்கு இது வருவது 72 சதவீதம் குறைந்தது. அவர்களுக்குரிய அளவு பெரியது: நாளொன்றுக்கு 4 அல்லது 5 மில்லிகிராம், வைத்தியர் எழுதித் தர வேண்டும். மற்றப் பெண்களுக்கு 0.4 மில்லிகிராம் போதும். கர்ப்பம் தெரிந்த பின் தொடங்கினால் காலம் கடந்துவிடும். 28 நாள் கணக்கை நினையுங்கள். திருமணம் முடிந்ததும் குடும்ப சுகாதார உத்தியோகத்தரிடம் கேளுங்கள். வலிப்புக்கு வல்புறோயேற் மருந்து எடுக்கும் பெண்கள் கருத்தரிக்குமுன் வைத்தியரிடம் கதைக்க வேண்டும். மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது. மாத்திரை எடுத்த தாய்க்கும் சிலவேளை இப்படிப் பிள்ளை பிறக்கும். அவளிடம் போய்க் கணக்குக் கேட்க வேண்டாம்.

ஓடவேண்டி வந்தால்

யுத்தத்தாலோ வெள்ளத்தாலோ திடீரென வெளிக்கிட நேர்ந்த குடும்பங்களுக்கு, காணி உறுதியும் அடையாள அட்டையும் ஒரு பையில் இருக்க வேண்டும் என்பது தெரியும். அதே பையில் பிள்ளையின் கிளினிக் கொப்பி, ஸ்கான் படம் அல்லது அதன் பிரதி, நாலைந்து குழாய்கள், ஒரு சவர்க்காரம், பத்து நாள் மருந்து, முகக்கண்ணாடி, மாற்றுத் துணி ஆகியவற்றையும் பொலித்தீனில் சுற்றி வையுங்கள். ஒரு மட்டையில் பெரிய எழுத்தில், தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மூன்று வரி எழுதி மேலே வையுங்கள்: இப்பிள்ளைக்கு முள்ளந்தண்டுப் பிளவு உண்டு, தலையில் ஷண்ட் உண்டு, இறப்பர் ஒவ்வாது. புதிய இடத்தில் இறங்கியதும் நலன்புரி உத்தியோகத்தரிடமும் சமூக சேவை உத்தியோகத்தரிடமும் முதல் நாளே பதியுங்கள். கொட்டில் பிரிக்கும்போது தண்ணீருக்குக் கிட்டிய இடத்தைக் கேளுங்கள்.